பாமா மேடம் வாங்கிய தில்பசந்த்

"லேப்டாப்பை அப்கிரேட் பண்ணித் தொலைச்சுட்டேன். பைதான் ஓட மாட்டேங்கறது. யாராவது காப்பாத்துங்கப்பா!"

டீம் குரூப்பில் பாமா மேடம் இப்படிப் போட்டதுதான் தாமதம், எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீசின் அந்த மூலையே கலகலத்துப்போனது.

"மெயில் படிக்கிற பழக்கமே இல்லையா மேடம்? புது வெர்ஷனைத் தொடாதீங்கன்னு போன வாரம்தானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?" என்று ஹரிஷ் ஆரம்பித்தான்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல இது தேவையா? நாளைக்கு தில்பசந்த் பக்கா!" என்றான் யூஜின்.

டீமில் அது எழுதாத சட்டம். லேப்டாப்பைக் கெடுத்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிறவர், மறுநாள் எல்லாருக்கும் பேக்கரியிலிருந்து தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் வாங்கி வர வேண்டும்.

ஆளாளுக்குச் சிரித்தார்கள். வேதநாயகியும் குரூப்பில் ஒரு சிரிப்புப் பொம்மையைத் தட்டிவிட்டாள். தட்டிவிட்டு, யாராவது தன்னைக் கவனிக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள்.

பயம் இருக்காதா பின்னே? அதே தப்பை அன்று காலை அவளும் செய்திருந்தாள்.

குழந்தைக்காக ஆறு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்தவள். சேர்ந்த புதிதில், "ஆறு வருஷ கேப். எல்லாம் துருப்பிடிச்சுப் போயிருக்கும்" என்று ஹரிஷ் யாரிடமோ சொன்னது காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு வைராக்கியம். எதிலும் பின்தங்கக் கூடாது, யாரிடமும் உதவி கேட்கக் கூடாது. 'அப்கிரேட் செய்யவா?' என்று திரையில் கேள்வி வந்ததும், புதுசென்றால் நாமே முதல் ஆளாக இருப்போம் என்று அமுக்கிவிட்டாள்.

இப்போது அவள் பைதானில் எழுதிய ப்ரோக்ராம் அசையவே இல்லை. மாலையில் அதை கிளையண்ட்டுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். அது நல்லபடியாக முடிந்தால்தான் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

காலையிலேயே பின் சீட்டு பாமா மேடம் எட்டிப் பார்த்து, டிபன் ஆச்சா என்று கன்னடத்தில் விசாரித்தார்.

"திண்டி ஆய்த்தா வேதா? முகம் ஏன் இப்படி இருக்கு? ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல மேடம். எல்லாம் ஓகே."

"சரிம்மா" என்று அவர் போய் உட்கார்ந்துவிட்டார். அதற்குக் கொஞ்ச நேரத்தில்தான் குரூப்பில் அந்தப் புலம்பல்.

ஹரிஷ் கிண்டல்காரனே தவிர கெட்டிக்காரன். "கமாண்ட் லைன் டூல்ஸ் போயிருக்கும் மேடம். முதல்ல அதைத் திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்க" என்று கமாண்டையும் சேர்த்துப் போட்டான்.

வேதநாயகி சத்தம் போடாமல் அதைத் தன் லேப்டாப்பில் ஓட்டினாள். ஒரு பிழை ஒழிந்து வேறொரு பிழை வந்து நின்றது. ஐயோ, இதற்கு என்ன செய்வது என்று அவள் கையைப் பிசைவதற்குள் குரூப்பில் பாமா மேடம்.

"அது ஆச்சுப்பா. இப்போ பைதானையே காணோம்னு சொல்றது."

அவள் திரையிலும் அதே பிழைதான்!

"பழைய என்விரான்மென்ட்டை அழிச்சிடுங்க மேடம். அது பழைய பைதான் இருந்த இடத்தையே தேடிட்டிருக்கும். புதுசா ஒண்ணு உருவாக்கி எல்லாத்தையும் மறுபடி போடுங்க" என்று ஹரிஷ் பதில் போட்டான்.

வேதநாயகியும் அப்படியே போட்டாள். ப்ரோக்ராமுக்குத் தேவையான ஒரே ஒரு லைப்ரரி மட்டும் ஏற மறுத்தது.

"ஒண்ணே ஒண்ணு அடம்பிடிக்கறது ஹரிஷ்!" என்று பாமா மேடமும் அதே லைப்ரரியின் பெயரைப் போட்டார். ஹரிஷ் தலையில் அடித்துக்கொண்டு அதற்கும் வழி சொன்னான்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் ப்ரோக்ராம் ஓடியது. வேதநாயகிக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, இந்த அம்மாவும் அதே முட்டாள்தனத்தைச் செய்தார். இல்லாவிட்டால் என் கதி என்ன என்று கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

மாலையில் கிளையண்ட்டுக்கு ரொம்பத் திருப்தி. மேனேஜர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் பாமா மேடம் தில்பசந்த் டப்பாவோடு வந்தார். வந்தவர்கள் எல்லாம் ஒரு துண்டும் கூடவே ஒரு கிண்டலுமாக நகர்ந்தார்கள். கூட்டம் கலைந்ததும் வேதநாயகி அவர் சீட்டுக்குப் போனாள். இவரிடமாவது உண்மையைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"மேடம், நேத்து உங்களால..."

அதற்குள் பாமா மேடத்தின் லேப்டாப் திரையில் ஒரு பெட்டி முளைத்தது. 'புது வெர்ஷன் தயார். இப்போதே அப்கிரேட் செய்யவா?'

"தினமும் இதே ரோதனை. வேண்டாம் வேண்டாம்னு தள்ளிண்டே இருக்கேன்" என்று 'பிறகு' என்பதை அமுக்கிய பாமா மேடம், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வேதநாயகி திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் முன் சீட்டில் அவளுடைய திரை எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

"மேடம்... நானும் சேர்ந்து சிரிச்சேனே!" அவள் கண் கலங்கிவிட்டது.

"நல்லதாப் போச்சு. நீ மட்டும் சிரிக்காம இருந்திருந்தா ஹரிஷுக்குச் சந்தேகம் வந்திருக்கும்."

பாமா மேடம் டப்பாவில் இருந்த கடைசித் துண்டை எடுத்து அவள் கையில் வைத்தார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணைத் துடைச்சுண்டு சாப்பிடு. நியாயமாப் பார்த்தா, இதை நீன்னா வாங்கிண்டு வந்திருக்கணும்!"