மக்கு அக்கா

"பட்டப்பகல்ல கதவ சாத்திகினு உள்ள இன்னா வேல?"

சின்னப்பொண்ணு தட்டிய தட்டில் தாழ்ப்பாளே ஆடியது. உள்ளே மகள் பூஜாவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

கதவைத் திறந்தவள் இசக்கிசெல்வி. இவர்களுடைய பக்கத்து ரூமில் வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலிப் பெண். செல்போன் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் குளித்துவிட்டு, மாஸ்க்கும் கையுமாக வந்துவிடுவாள். கொஞ்ச நாளாக இதே கூத்து.

பூஜாவுக்கு ரத்தப் புற்றுநோய். குணமாகிவிடும் என்றுதான் டாக்டர் சொல்கிறார். குழந்தைதான் நம்பவில்லை. முடி கொட்டியதிலிருந்து பள்ளிக்கூடம் கிடையாது. புத்தகத்தைக் காட்டினாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பெற்றவளிடமே பேசாதவள், நேற்று வந்தவளிடம் மட்டும் சிரிப்பானேன்? சின்னப்பொண்ணுவுக்கு வயிறு எரிந்தது.

"உன்னாண்ட மட்டும் அப்படி இன்னாதான் பேசுது?"

"ஒண்ணுமில்லக்கா. நான் பத்தாவது ஃபெயிலு. திரும்ப எழுதப்போறேன். பாப்பாதான் கணக்கு சொல்லித்தருது. எனக்குப் பின்னமே வரமாட்டேங்கு."

"வெக்கமா இல்ல? ஒடம்பு முடியாத கொழந்தையாண்ட டியூஷனா?"

"கிளாஸ் நடக்குது, நீ போம்மா!" என்று பூஜா சிலேட்டை நீட்டினாள். "பாரு இத. அரையும் காலும் கூட்டினா ஆறுல ரெண்டாம்! மக்கு அக்கா!"

சாயந்தரம் கணவன் ரகுபதியிடம் புலம்பித் தீர்த்தாள். அவன் அதே கம்பெனிக்கு பஸ் ஓட்டுகிறவன்.

"பத்தாவது ஃபெயிலா? பிளஸ் டூ பாஸாகாத பொண்ண கேட்டாண்டயே நிறுத்திடுவான். சர்டிபிகேட்டப் பாத்துதான் லைன்லயே வுடுறான்."

அவ்வளவுதான். பொய் சொல்லி நுழைகிறாள் என்றால் என்னவோ இருக்கிறது! சின்னப்பொண்ணு பக்கத்து ரூமுக்குப் பாய்ந்தாள்.

"இன்னாத்துக்குடி பொய் சொன்ன? இப்பவே ரூம காலி பண்ணு!"

துணி மடித்துக்கொண்டிருந்த இசக்கிசெல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

"கோவப்படாதியக்கா. நான் பிளஸ் டூதான். பத்தாவது கணக்குல நூத்துக்கு நூறு. 'சாவப்போறவளுக்கு எதுக்குக்கா படிப்பு'ன்னு பாப்பா கேட்டுட்டு. எனக்கு உசுரே இல்ல. எனக்குச் சொல்லித்தரதுக்காச்சும் புஸ்தகத்தத் தொறக்கட்டுமேன்னுதான் பொய் சொன்னேன். தெரிஞ்சா மூடி வச்சிரும். சொல்லிராதியக்கா."

சின்னப்பொண்ணு அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தன்மேலேயே வந்தது கோபம்.

வீட்டுக்கு வந்தால், பூஜா மறுநாள் பாடத்துக்காகப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தபா உன் அக்கா பாஸாயிடுமா?" என்றாள் சின்னப்பொண்ணு, ஒன்றும் தெரியாதவள்போல.

பூஜா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அது எப்பவோ பாஸும்மா. சரியா எழுதிட்டு, அப்புறம் அழிச்சிட்டுதான் தப்பா போடுது. ஊரு நெனப்புல தெனம் தனியா அழுவும், செவுத்துல காது வெச்சா கேக்கும். இப்ப கணக்கு சொல்லித்தர ஆரம்பிச்சதுல இருந்துதான் அழறதில்ல. எனக்குத் தெரியும்னு அக்காவாண்ட சொல்லிடாதம்மா!"