வெறும் வயிற்றில் வெந்நீர்

“நீங்களே சொல்லுங்க சார். அக்கா நிஜமாவே மாத்திரை போடறதில்லையா?”

கேட்டவள் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த கர்ப்பிணி. ஐந்தாவது மாதம். கழுத்து லேசாக வீங்கியிருந்தது. கைப்பையிலிருந்து எடுத்த இரண்டு தைராய்டு மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்திருந்தாள்.

கூடத்தில் இருந்த ஒன்பது தலைகளும் சமையலறை வாசல் பக்கம் திரும்பின. அங்கே தராசுக்காரர் கெட்டிலும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது அவர் வேலை. ஐந்து கிராம் குறைந்தாலும் விடமாட்டார். சொந்த மைத்துனன் கடைத் தராசுக்கே சீல் வைத்தவர். மைத்துனன் மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த மனிதர் வாயில் பொய் வராது என்பது தெருவுக்கே தெரியும்.

அவர் மனைவி கூடத்தின் முன்னால், வகுப்பு டீச்சராக, சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். சொல்லுங்களேன் என்பதுபோல அவரைப் பார்த்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மனைவிக்கு வந்த நோயை டாக்டர் படம் போட்டே விளக்கினார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தைராய்டு சுரப்பியை எதிரி என்று நினைத்துக்கொண்டு அழிக்கிறது. மூச்சுப்பயிற்சி செய்யுங்கள், என்னைக் கேட்டுவிட்டுக் கஷாயமும் குடியுங்கள், எல்லாம் மாத்திரையோடு சேர்த்துத்தான். மாத்திரை ஆயுசுக்கும் வேண்டும்.

அந்த ‘ஆயுசுக்கும்’ அவளுக்குப் பிடிக்கவில்லை. மூச்சுப்பயிற்சியும் கஷாயமுமே போதும் என்று, மறுநாள் காலையில் மாத்திரை டப்பாவைப் பிரிக்காமலே தூக்கிக் குப்பையில் போட்டாள்.

நாலு மாதத்தில் முகம் ஊதிப்போயிற்று. கொளுத்துகிற வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றபடியே தூங்கினாள். மாத்திரை என்று அவர் வாயைத் திறந்தால் வீடு இரண்டாகும். ஒரு மாலை மாடிப்படியில் சரிந்து கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது தராசுக்காரர் சத்தம் போட்டு அழுதார்.

அடுத்த வாரமே திருட்டு வேலையில் இறங்கிவிட்டார்.

ஊரின் மறுகோடியில் உள்ள மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினார். எடைக்கல் பெட்டிக்குள் ஒளித்து வைத்தார். தினமும் காலையில் அவள் பல் தேய்க்கிற நேரம் பார்த்து, இரண்டு கரண்டிகளுக்கு நடுவே ஒன்றை வைத்துப் பொடித்து வெந்நீரில் கலந்தார். மாத்திரை இறங்கியதும் கஷாயம் போனால் வேலை கெட்டுவிடுமே என்று கதை வேறு விட்டார். வெறும் வயிற்றில் வெந்நீர் குடித்து, ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால்தான் கஷாயம் உடம்பில் பிடிக்குமாம், எங்கேயோ படித்தாராம்.

அவள் தேறினாள். வீக்கம் வடிந்தது. குரல் தெளிந்தது. எப்படி எப்படி என்று அக்கம்பக்கம் கேட்கப்போய், ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு என்று ஆகிவிட்டது. அவர் விட்ட கதையே முதல் விதியாகச் சுவரில் ஏறியது. அதை அவள் ஒட்டிய அன்று சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குள் ஓடிக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

உண்மையைச் சொன்னால் இத்தனை பேர் முன்னால் அவள் மானம் போகும். அது போனாலும் பரவாயில்லை. நாளையிலிருந்து அவர் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்க மாட்டாள். மறுபடியும் அந்த மாடிப்படிதான். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணும், அவள் வயிற்றில் இருக்கிறதும்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

“அவ மாத்திரை போட்டு நான் பார்த்ததே இல்லம்மா.”

அப்பழுக்கில்லாத உண்மை. எந்த அதிகாரி வந்து நிறுத்தாலும் ஒரு கிராம் குறையாது. சொன்ன வாய் மட்டும் கசந்தது.

கர்ப்பிணி எழுந்து போய் இரண்டு அட்டைகளையும் மூலையிலிருந்த குப்பைக்கூடையில் போட்டாள். பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டாள்.

தராசுக்காரர் உள்ளே போய்க் கெட்டிலை மேடையில் வைத்தார். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வகுப்பு முடிந்து அந்தப் பெண் தெருவில் இறங்கியதும் பின்னாலேயே ஓட வேண்டும், காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும். மனைவிக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிந்தால் அவள் பிழைக்க மாட்டாள்.

கதவு திறந்தது. மனைவிதான். டம்ளர் எடுக்க வந்தவள், கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“தினமும் டம்ளர் அடியில பொடி தங்கிடுதுங்க,” என்றாள், குரலைத் தாழ்த்தி. “இன்னும் கொஞ்ச நேரம் கலக்கிட்டுக் குடுங்க.”

பிறகு கெட்டிலைச் சாய்த்து ஒரு டம்ளர் நிறைய வெறும் வெந்நீர் ஊற்றிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

“இந்தாம்மா, பொறுமையா குடி,” என்று அந்தப் பெண்ணிடம் சொல்வது கேட்டது.