தொண்ணூற்றொரு சதவீதம்

“இப்ப எவ்வளவு காட்டுது நசீமா?” ஷார்ஜாவிலிருந்து கேட்டான் அவள் கணவன் அனீஸ்.

“எண்பத்தி நாலுங்க. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு.”

“லைன்லயே இரு. எதையும் அமுக்கிராத.”

அருப்புக்கோட்டை வீட்டில் நசீமா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்தாள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு விசைத்தறி கடகடத்தது.

வழக்கமாகப் பத்து நிமிடத்தில் ஃபோனை வைத்துவிடுகிறவன் அவன். பழைய லேப்டாப்பில் புது சிஸ்டம் ஏற்றத் தொடங்கியதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் பேசினான். ரூமில் இன்று யார் சமையல், முழங்கால் வலி எப்படி இருக்கிறது, எல்லாம் சதவீதங்களுக்கு நடுவில்தான் வந்தன.

“அஞ்சு வாரமாச்சு. பேசாம பஜார்ல ஒரு கடையில குடுத்திரேன்.”

“அவுக இருக்கிற ஃபோட்டோவை எல்லாம் அழிச்சிருவாக. நீங்களே சொல்லிக் குடுங்க.”

“சரி, இப்ப எவ்வளவு?”

“தொண்ணூத்தி ஒண்ணு.”

“அப்ப இந்தா முடிஞ்சிரும்.”

நசீமாவின் கை நின்றது.

“என்னங்க, கரண்டு போயிருச்சு. லேப்டாப்பும் அணைஞ்சிருச்சு. அதுல பேட்டரிதான் செத்துக் கெடக்கே.”

அவள் பீரோவின் மேல் மூடிக் கிடந்த லேப்டாப்பைப் பார்த்தாள். அதில் புது சிஸ்டம் ஏறி மூன்று வாரமாகிறது.

“சரி, அடுத்த வெள்ளி முதல்லருந்து ஆரம்பிப்போம்,” என்றான் அனீஸ்.

“ம்.”

“ஒண்ணு மட்டும் செய்யி நசீமா. கரண்டு போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த ஜன்னலைச் சாத்திரு. பக்கத்து வீட்டுத் தறி ஓடுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.”