எலிப்பொறியின் சிரிப்பு

தொழில்நுட்பச் செய்திகளைக் கிண்டலடித்து அவர் எழுதிய பதிவுக்கு எட்டு லைக். அதே விஷயத்தைப் பற்றி ‘எலிப்பொறி’ என்ற பெயரில் யாரோ எழுதியதற்கு நாலாயிரம். அவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

எலிப்பொறியின் ஒரு வரியைக்கூடப் படிப்பதில்லை என்று சபதமே போட்டிருந்தார். மனைவியோ ஃபோனும் கையுமாக உட்கார்ந்து தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அந்த எலிப்பொறிதானே?”

“அதேதான்.”

“அப்படி என்னதான் எழுதிக் கிழிக்கிறான்?”

“ஒரு தடவை படிச்சுத்தான் பாருங்களேன்.”

வேண்டாவெறுப்பாக ஃபோனை வாங்கினார்.

‘அப்டேட் பண்ணு, அப்டேட் பண்ணுன்னு இந்த ஃபோன் உயிரை வாங்குது. கல்யாணத்தப்போ இருந்த அதே வெர்ஷன்தான் நான். என்னை யாராவது கேட்டாங்களா?’

தன்னை மறந்து சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். அது காலையில் பல் தேய்த்துக்கொண்டே அவர் புலம்பியது. அடுத்த பதிவில், கார் பந்தய கேமில் தோற்றுவிட்டு அவர் நாற்காலியைத் திட்டிய திட்டு, ஒரு சொல் மாறாமல் இருந்தது.

“அடிப்பாவி, நீயா! எல்லாம் என் பேச்சாச்சே!”

“ஆமா. பேசும்போது இப்படிச் சிரிக்க வைக்கிற மனுஷன், எழுத உட்கார்ந்தா மட்டும் ஏங்க வாத்தியாராயிடறீங்க?”