கண்டதைச் சொல்லாதவர்

இறந்தவனின் உடலைக் குளிப்பாட்டி முடித்து வெளியே வந்த ஹனீபாவை வாசலிலேயே மறித்துக்கொண்டாள் சம்சுன்னிசா.

"மாமா, எங்க அண்ணன் உடம்புல காயம் இருந்துச்சா?"

கேலாங் வட்டாரத்தின் அந்த வாடகை வீட்டில் கூடியிருந்த ஆண்கள் முகம் சுளித்தார்கள். மய்யித்து வீட்டில் இப்படிக் கேட்கும் பெண்ணை 1957 வரை அவர்கள் பார்த்ததில்லை.

அண்ணன் ரவூப், மனநோய் மருத்துவமனையில் நான்கு வருடம் இருந்தவன். முந்தின நாள் இறந்துபோனான். சான்றிதழில் 'இதயம் நின்றது' என்று எழுதியிருந்தார்கள். எப்படிச் செத்தாலும் இதயம் நிற்கத்தான் செய்யும். ஆகவே அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அந்த வருடம் அதே வார்டில், ரவூபுடையதோடு சேர்த்து, மூன்று முஸ்லிம் இதயங்கள் நின்றிருந்தன. மூன்று பேரையும் குளிப்பாட்டியவர் ஹனீபாதான்.

போன வாரம் சம்சுன்னிசா பார்க்கப் போனபோது, அடிக்கிறார்கள், கூட்டிக்கொண்டு போ என்று ரவூப் அழுதானாம். பைத்தியம் உளறுகிறது என்று அங்கே சிரித்தார்களாம். அவளும் நம்பாமல் திரும்பிவிட்டாளாம்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், இப்பவே போலீசுக்குப் போவேன். மண்ணுக்குள்ள வச்சுட்டா அப்புறம் யாரு பார்க்கிறது?"

ஹனீபா தலையைக் குனிந்துகொண்டார்.

"மய்யித்தோட குறையைக் குளிப்பாட்டினவன் வெளியே சொல்லக் கூடாதும்மா. மார்க்கத்துல அப்படி இருக்கு."

"அடி வாங்கினது என் அண்ணனோட குறையா, மாமா? அடிச்சவன் குறைதானே?"

நியாயமாகப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. அந்த விதி இறந்தவனின் மானத்தைக் காக்க வந்தது. உயிரோடிருப்பவனைக் காக்க அல்ல. ஆனால் மார்க்கக் கிதாபைப் புரட்டிப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. கபுர்க் குழி தோண்டியாகிவிட்டது.

கூடியிருந்தவர்களில் மூத்தவரான அப்துல் ஹமீது அவளை அதட்டி உள்ளே அனுப்பிவிட்டு, ஹனீபாவைக் காட்டி மற்றவர்களிடம் சொன்னார்:

"இருபது வருஷமா குளிப்பாட்டுறார். ஒரு வீட்டு ரகசியம் வெளியே வந்ததில்லை லா. இவரல்லவா மனுஷன்!"

ஹனீபா பார்த்திருந்தார். விலாவில் ஐந்து இடங்களில், எட்டு முனை நட்சத்திரம்போலக் கன்றிப்போன தடம். முந்தைய இரண்டு பேருக்கும் அதே தடம்தான். கஃபன் துணியை அதன்மேல் இழுத்து மூடியதும் அவர் கைதான்.

அடக்கம் முடித்து டன்லப் தெரு வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்தபோது, மகளின் கணவன் அஸ்மத் மாலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வெள்ளைச் சீருடை; அதே மருத்துவமனையின் வார்டு உதவியாளன்.

ஹனீபா கை கழுவினார். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினார். பிறகு, மகள் காதில் விழாதபடி சொன்னார்:

"மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு நான் போட்ட அந்த எட்டு முனை மோதிரத்தை, இனிமே வார்டுக்குப் போறப்ப கழற்றி வச்சுட்டுப் போங்க."