பத்துக்கு மூணு

கல்லூரியின் மீட்புப் பயிற்சி வகுப்பு அன்று பனிச்சறுக்கில் நடந்துகொண்டிருந்தபோது, கோச் புரூயிட் சரிவில் உருண்டுபோய் ஒரு பைன் மரத்தில் மோதினார். மாணவி ஹாலி பதறவில்லை. போன மாதம் ஆற்றில் படகைக் கவிழ்த்து, மயங்கியவர்போல் நடித்து, வகுப்பையே கதறவிட்ட மனிதர் அவர்.

சற்று நேரம் கழித்துத் தலையைத் தூக்கினார். “டெஸ்ட் ஆரம்பிச்சாச்சு. எனக்குக் கால் ஒடிஞ்சிருக்கு. கீழே கொண்டு போங்க.”

ஹாலி சறுக்கு ஊன்றுகோல்களை அணைகொடுத்து அவர் காலைக் கட்டினாள். மற்றவர்கள் சறுக்குக் கட்டைகளைப் பிணைத்து, அவரைப் படுக்கவைத்து இழுத்தார்கள். வழியெல்லாம் அவர் முனகிக்கொண்டே வந்தார்.

“ரொம்ப ஓவரா இருக்கு கோச். படகுல எவ்வளவு நல்லா நடிச்சீங்க. இன்னிக்கு நடிப்புக்குப் பத்துக்கு மூணுதான்” என்றாள் ஹாலி.

எல்லோரும் சிரித்தார்கள். கோச்சும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

அடிவாரத்தில் அவள் கால்கட்டின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தாள்.

“அதைத் தொடாதே. எல்லாருக்கும் முழு மார்க். இப்ப ஆம்புலன்ஸைக் கூப்பிடு.”

ஹாலிக்கு முகம் வெளிறியது. “நிஜமாவா? மேலேயே சொல்லக்கூடாதா கோச்?”

“சொல்லியிருந்தா உன் கை நடுங்கியிருக்கும்.” அந்தக் குளிரிலும் வேர்த்திருந்த நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “இப்பச் சொல்லு. நடிப்புக்கு எத்தனை மார்க்?”