அக்கா திருத்திய எண்

பள்ளிக்கூட அரங்கின் ஜன்னல் வழியே மதிய வெயில் சாய்ந்து, மேஜை மேலிருக்கும் தண்ணீர்த் தம்ளரில் தங்கியிருக்கிறது. ஊருக்கு வெளியே பாறையை உடைத்து எரிவாயு எடுப்பதா, பழைய அணு உலையையே இன்னும் இருபது வருஷம் ஓட்டுவதா என்று காலையிலிருந்து வாக்குவாதம். யாரும் யாருக்கும் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது மைக் முன்னால் கிணறு தோண்டும் தம்பி நிற்கிறான். குரல் கரகரக்கிறது. "பாறைய உடைச்சா கிணத்துத் தண்ணி போச்சு. உலைக் கழிவ ஆயிரம் வருஷம் காவல் காக்கணுமாம். யாரு உட்காந்து காக்கப் போறா?" கைதட்டல் ஓய நேரமாகிறது.

எதிர் மேஜையில் அவனுடைய சொந்த அக்கா, உலையின் பாதுகாப்பு அதிகாரி. கதிர்வீச்சை அளக்கும் வில்லையை இரவு வேலை முடிந்தும் கழற்ற மறந்து, சட்டையில் குத்தியபடியே வந்திருக்கிறாள். பதிலாக வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உலை மேலாளர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்துகிறார். அவள் அதைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து, மாட்டிக்கொண்டு எழுகிறாள். "தம்பி சொன்னது தப்பு." மேலாளர் முகம் மலர்கிறது. "ஆயிரம் இல்லடா. லட்சம் வருஷம்னு எழுதிக்க."

தம்பி பேனா தேடிச் சட்டைப்பையைத் தடவுகிறான். அக்கா தன் பேனாவை மூடி கழற்றி நீட்டுகிறாள். "உலை வேணும்னுதான் நான் இப்பவும் சொல்வேன். நீ வேண்டாம்னு சொல்லு. ஆனா, குறைச்சுச் சொல்லாத."